கதை படித்தே ஒரு மொழியைக் கற்றுக்கொள்ள முடியுமா?

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இவ்வளவுதான். ஆறு மாதமாகச் செயலியில் ஒரு மொழி படிக்கிறீர்கள். எழுத்து தெரியும், அடிப்படை இலக்கணம் தெரியும், ஐந்நூறு அறுநூறு சொற்கள் தெரியும். ஆனால் யாராவது நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் பேசினால் பிடிபடுவதில்லை. "கதை படி, தானாக வரும்" என்று ஒரு நண்பர் சொன்னதைக் கேட்டு, அந்த மொழியின் பேர்பெற்ற நாவல் ஒன்றை எடுத்தீர்கள். பக்கத்துக்கு முப்பது நாற்பது தடவை அகராதியைப் புரட்ட வேண்டியிருந்தது. மூன்றாம் பக்கத்தில் மூடி வைத்துவிட்டீர்கள். கதை படித்து மொழி கற்பது நிஜமாகவே நடக்கிற காரியமா என்று கேட்கிறீர்கள்.

நடக்கிற காரியம்தான். மலையாளத்தையும் இந்தியையும் நான் பெரும்பாலும் அப்படித்தான் கற்றேன். உங்கள் நண்பர் சொன்னதில் தப்பில்லை. எந்தக் கதை, எவ்வளவு எளிதான கதை என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார். சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நீங்கள் எந்த மொழி என்று குறிப்பிடவில்லை, அதனால் பல மொழிகளிலிருந்தும் உதாரணம் எடுத்துக்கொள்கிறேன்.

மூன்றாம் பக்கத்தில் நின்றுபோனதற்கு உங்கள் பொறுமையைக் குறை சொல்லாதீர்கள். கணக்கு அப்படி. நியூசிலாந்தைச் சேர்ந்த பால் நேஷன், புதுச் சொற்கள் நமக்கு எப்படி வந்து சேர்கின்றன என்பதைப் பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தவர். அவரும் ஹூ என்ற ஆய்வாளரும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில் ஒரு கதையை எடுத்து, அதிலிருந்த சில சொற்களுக்குப் பதிலாகப் பொருளே இல்லாத சொற்களைப் போட்டுப் படிக்கக் கொடுத்தார்கள். நூற்றுக்கு 20 சொல் தெரியாத நிலையில் படித்தவர்களில் ஒருவருக்குக்கூடக் கதை போதிய அளவு புரியவில்லை. 10, 5 என்று குறைத்தபோது சிலருக்குப் புரிந்தது. யார் உதவியும் இல்லாமல் பெரும்பாலானவர்களுக்குப் புரிய வேண்டுமானால் நூற்றுக்கு 98 சொல்லாவது தெரிந்திருக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்கள். அதாவது 50 சொல்லுக்கு 1 புதுச் சொல். 250 சொல் உள்ள ஒரு பக்கத்தில் 5. நீங்கள் 30, 40 தடவை அகராதி பார்த்தீர்கள் என்றால் நூற்றுக்கு ஏறத்தாழ 85 சொல் மட்டுமே தெரிந்த இடத்தில் நின்றுகொண்டிருந்தீர்கள். அங்கே யார் நின்றாலும் மூச்சு வாங்கும்.

அதே நேஷன் 2006இல் இன்னொரு கணக்கும் போட்டார். ஒரு ஆங்கில நாவலை இந்த 98 சதவீத வசதியோடு படிக்க 8,000 முதல் 9,000 சொற்குடும்பங்கள் தெரிந்திருக்க வேண்டும். 'நட, நடந்தான், நடை' எல்லாவற்றையும் சேர்த்து ஒரே குடும்பமாக எண்ணிய கணக்கு அது. 600 சொல்லோடு நாவலுக்குள் இறங்கியவர் மூன்று பக்கம் போனதே பெரிது என்று நான் மனதாரச் சொல்வேன்.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஆங்கிலத்தில் மிக அதிகமாக வரும் 100 சொற்களே அச்சிட்ட பக்கத்தில் ஏறத்தாழப் பாதியை நிரப்பிவிடுகின்றன. மற்ற மொழிகளிலும் சின்னஞ்சிறு கூட்டம் ஒன்றுதான் வேலையில் பெரும்பங்கைச் செய்கிறது. அந்தக் கூட்டத்துக்குள் இருந்தே எழுதிய கதை கிடைத்தால், 600 சொல் உள்ளவரும் நாளைக்கே படிக்க ஆரம்பிக்கலாம்.

சரி, எளிதாக இருந்தால் போதும் என்றால் பாடப்புத்தகமே போதாதா, கதை எதற்கு?

"ஒரு ஊரில் ஒரு ராஜா இருந்தார். அந்த ராஜாவுக்கு மூன்று பெண்கள்." இந்த இரண்டு வாக்கியத்தைக் கவனியுங்கள். முதலில் 'ஒரு ராஜா', அடுத்த வரியிலேயே 'அந்த ராஜா'. யாரும் நமக்கு இதைச் சொல்லித் தந்ததில்லை. ஆங்கிலத்தில் 'எ' எங்கே வரும், 'தி' எங்கே வரும் என்று பள்ளியில் பக்கம் பக்கமாக விதி படித்தும் தடுமாறுகிறவர்கள் ஏராளம். ஆங்கிலக் கதையோ முதல் வரியில் 'எ கிங்' என்று சொல்லி, அடுத்த வரியில் 'தி கிங்' என்று மாறிவிடுகிறது. முதல் தடவை வந்தவர் புதியவர், இரண்டாம் தடவை வரும்போது நமக்குத் தெரிந்தவர். இதை இருநூறு கதையில் பார்த்தவருக்கு விதி தேவைப்படாது. தப்பாக வந்தால் காதில் உறுத்தும்.

இந்தியில் இன்னும் நல்ல உதாரணம் இருக்கிறது. தமிழர்களை அதிகம் படுத்துவது அங்கே இறந்தகாலத்தில் செயலைச் செய்தவரைக் குறிக்கும் சொல்லோடு சேர்ந்து வரும் 'நே'. கடிதம் என்பதற்குச் 'சிட்டி' என்றும் சொல்லலாம், 'கத்' என்றும் சொல்லலாம். சிட்டி பெண்பால், கத் ஆண்பால். அதனால் 'நான் கடிதம் படித்தேன்' என்பது "மைனே சிட்டி படீ" என்றும் "மைனே கத் படா" என்றும் வரும். படித்தவர் ஆணா பெண்ணா என்பதை வினை கண்டுகொள்வதே இல்லை, படிக்கப்பட்ட பொருளின் பாலைப் பார்க்கிறது. அஃறிணைக்கு ஆண்பால் பெண்பால் பார்க்காத மொழியில் வளர்ந்த நமக்கு இது விளக்கத்தால் மட்டும் ஏறுவதில்லை. ஆனால் கதை என்றாலே நடந்து முடிந்ததைச் சொல்வதுதானே? பக்கத்துக்குப் பக்கம் யாரோ எதையோ பார்த்தார்கள், சாப்பிட்டார்கள், உடைத்தார்கள், எழுதினார்கள். ஒரு சிறுகதை முடிவதற்குள் 'நே' பத்து இருபது இடத்தில் வந்து போயிருக்கும். நான் இலக்கண நூலில் இதைப் பல தடவை படித்து மறந்தேன். பதினைந்து இருபது சிறுவர் கதைகளுக்கு அப்புறம் ஒருநாள், 'சிட்டி படா' என்று நானே தப்பாகச் சொல்லிவிட்டு உடனே திருத்திக்கொண்டேன். அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியிருக்கிறது என்று தெரிந்தது.

கதைக்கு இன்னொரு பலம், அது நம்மை முன்கூட்டியே எதிர்பார்க்க வைக்கிறது. இதைப் பாருங்கள்: "அவன் கதவை ———. யாரும் திறக்கவில்லை. இன்னும் பலமாக ———. உள்ளேயிருந்து ஒரு குரல், 'இந்த நேரத்தில் யார் ———து?'" கோடிட்ட இடத்தில் நீங்கள் அறியாத ஒரு சொல் இருந்தாலும், மூன்றாவது தடவைக்குள் அதன் பொருள் உங்களுக்கு வந்துவிடும். அகராதி வேண்டாம். கதவு, இரவு, உள்ளே இருப்பவரின் எரிச்சல் எல்லாம் அந்தச் சொல்லோடு சேர்ந்தே மனதில் உட்காரும். பட்டியலில் மனப்பாடம் செய்த சொல் தனியாக நிற்கும், கூப்பிட்டால் வராது. இப்படி ஒரு காட்சியோடு வந்த சொல்லுக்குத் திரும்பி வர வழி தெரியும்.

இப்படிப் போகிற போக்கில் சொற்கள் ஒட்டிக்கொள்வதைச் சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ஆந்தனி பர்ஜெஸ் 1962இல் எழுதிய 'எ கிளாக்வொர்க் ஆரஞ்ச்' நாவலில், ரஷ்ய மொழியிலிருந்து உருவாக்கிய இருநூறுக்கும் மேற்பட்ட சொற்கள் ஆங்கிலத்துக்குள் விளக்கமே இல்லாமல் கலந்து வரும். ரஷ்ய மொழி தெரியாதவர்களிடம் நாவலைக் கொடுத்து, சொற்களைச் சோதிக்கப் போகிறோம் என்று சொல்லாமல் படிக்க விட்டார்கள். சில நாள் கழித்துத் தேர்வு வைத்தபோது, கேட்ட சொற்களில் சராசரியாக 76 சதவீதத்துக்குச் சரியான பொருளைத் தேர்ந்தெடுத்தார்கள். இந்த ஆய்வு 1978இல் வந்தது. அவர்கள் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள், சுற்றியிருந்த மற்ற சொற்களெல்லாம் தெரிந்தவர்கள், கொடுத்த விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் தேர்வு அது. இதையெல்லாம் கழித்துப் பார்த்தாலும் எனக்கு இந்த முடிவு முக்கியமாகவே படுகிறது. சுற்றிலும் வெளிச்சம் இருந்தால் இருட்டான சொல் தானே துலங்கிவிடுகிறது.

இரண்டாம் மொழியிலேயே நடந்த சோதனை ஃபிஜியில். 1980களின் தொடக்கத்தில் வார்விக் எல்லியும் பிரான்சிஸ் மங்குபாயும் அங்கே கிராமப்புறத் தொடக்கப் பள்ளிகளுக்கு ஆங்கிலக் கதைப் புத்தகங்களை வாரி வழங்கினார்கள், வகுப்புக்கு சுமார் 250 புத்தகம். வழக்கமான பாடமுறையில் படித்த பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகள் முதல் ஆண்டில் வாசிப்பிலும் கேட்டுப் புரிந்துகொள்வதிலும் முந்தினார்கள். இரண்டாம் ஆண்டில் அந்த முன்னேற்றம் எழுதுவது வரைக்கும் பரவியது. கதையைப் படித்ததற்கு எழுத்து வளர்ந்தது என்பதுதான் இதில் என்னை அசத்தியது.

இப்போது உங்களுக்கு வேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். என்ன படிப்பது?

முதலில் கிரேடட் ரீடர் எனப்படும் நிலைவாரிக் கதைப் புத்தகங்கள். 300 சொல், 600 சொல், 1,000 சொல் என்று ஒரு வரம்பு வைத்துக்கொண்டு அதற்குள் எழுதப்பட்டவை. இதன் தொடக்கத்தில் மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கிலேயர் இருக்கிறார். 1920களில் வங்காளத்தில் வேலை பார்த்தவர். அங்கே மாணவர்களுக்குக் கொடுத்த ஆங்கில வாசகங்களில் புதுச் சொற்கள் நெருக்கியடித்துக்கொண்டு வருவதையும், அவற்றில் பல வழக்கொழிந்த இலக்கியச் சொற்களாக இருப்பதையும் கவனித்தார். அரிய சொற்களை எடுத்துவிட்டுப் பழகிய சொற்களைப் போட்டார். ஒரு புதுச் சொல்லுக்கும் அடுத்ததற்கும் நடுவே போதிய இடம் விட்டார். வந்த சொல் திரும்பத் திரும்ப வருமாறு எழுதினார். நூறு ஆண்டு கழிந்தும் அந்த முறையில்தான் இந்தப் புத்தகங்கள் எழுதப்படுகின்றன. சிலருக்கு இவை செயற்கையாகத் தோன்றும், 'உண்மையான இலக்கியம்' இல்லை என்று ஒதுக்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒரு மொழியில் முதல் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்து முடித்த மகிழ்ச்சியை இவைதான் தருகின்றன. அந்த மகிழ்ச்சி அடுத்த புத்தகத்தை எடுக்க வைக்கும்.

லத்தீனுக்கு இப்படி ஒரு நூலை டென்மார்க்கைச் சேர்ந்த ஹான்ஸ் ஓர்பெர்க் எழுதியிருக்கிறார், முதல் பதிப்பு 1955. முழுக்க முழுக்க லத்தீன்தான், மொழிபெயர்ப்பு ஒரு வரி கிடையாது. ரோம் எங்கே இருக்கிறது என்று ஒரு நிலப்படத்தோடு தொடங்கி, மெல்ல ஒரு குடும்பத்தின் கதையாக விரிந்து, அப்படியே கடினமான இலக்கணத்துக்குள் கூட்டிக்கொண்டு போய்விடும். தாய்மொழியாகப் பேச ஆளில்லாத ஒரு மொழியையே இப்படிக் கற்க முடிகிறது.

இந்திய மொழிகள் பலவற்றில் பெரியவர்களுக்கான நிலைவாரிக் கதைகள் குறைவு. அங்கே சிறுவர் கதைகளைத்தான் நாட வேண்டியிருக்கும். பிரதம் புக்ஸ் என்ற சிறுவர் நூல் பதிப்பகம் 2015இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் நான்கு நிலைகளாகப் பிரித்த சிறுவர் கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதை பல மொழிகளில் இருக்கும் என்பதுதான் நமக்கு வசதி. தமிழில் ஒரு தடவை படித்துவிட்டு அதே படங்களோடு தெலுங்கிலோ மலையாளத்திலோ படிக்கலாம். மொழிபெயர்ப்பின் தரம் கதைக்குக் கதை மாறும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் குழந்தைக் கதை என்றாலே எளிது என்று நம்பிவிட வேண்டாம். ஐந்து வயதுக் குழந்தைக்கு எழுத்துதான் புதிது; மொழி ஏற்கெனவே தெரியும், சில ஆயிரம் சொற்களைக் காதால் கேட்டு வைத்திருக்கிறது. நமக்கு நிலைமை தலைகீழ். அந்தக் கதைகளில் விலங்குகள் போடும் சத்தம், மழலைச் சொல், எதுகைக்காக வரும் வேடிக்கைச் சொல், மந்திரக்கோல், கைராட்டை, அரக்கனின் குகை எல்லாம் வரும். உங்களுக்கு முதலில் வேண்டியது 'வாடகை', 'தாமதம்', 'பரவாயில்லை' போன்றவை. ஜப்பானிய மொழியில் சின்னக் குழந்தைகளின் புத்தகம் முழுக்க ஹிரகானா என்ற ஒலியெழுத்திலேயே இருக்கும். கான்ஜி எனப்படும், பொருளைக் குறிக்கும் எழுத்துகளைப் பார்த்துப் பொருள் கண்டுபிடித்துப் பழகியவருக்கு, ஒரே ஒலியுள்ள பல சொற்களில் எது இது என்று புரியாமல் அந்தப் புத்தகமே கடினமாகிவிடும். அவருக்குக் கான்ஜியின் பக்கத்தில் சின்ன எழுத்தில் உச்சரிப்பு போட்ட புத்தகங்கள்தான் ஏற்றவை. பிரெஞ்சு கற்பவர்கள் பலர் முதலில் எடுப்பது தமிழில் 'குட்டி இளவரசன்' என்று வந்திருக்கும் நூலின் மூலத்தை. அருமையான புத்தகம், தாராளமாகப் படியுங்கள். ஆனால் அதில் நிறைய வருகிற ஒரு வகை இறந்தகாலம் எழுத்தில் மட்டுமே உள்ளது, பேச்சு வழக்கில் இல்லை. அதைத் தெரிந்துகொண்டு படித்தால் ஏமாற்றம் இருக்காது.

எனக்கு மிகவும் உதவியது வேறொன்று: ஏற்கெனவே தமிழில் படித்த கதையை மற்ற மொழியில் படிப்பது. அடுத்து என்ன நடக்கும் என்று தெரிந்திருப்பதால் சொல் தெரியாவிட்டாலும் திசை தப்பாது. அடுத்தபடியாக, ஒரே எழுத்தாளரின் பல கதைகளை வரிசையாகப் படிப்பது. ஒவ்வொருவருக்கும் பிடித்த சொற்கள், வாக்கியத்தைத் திருப்பும் விதம் என்று ஒன்று இருக்கும். முதல் கதை மலையேற்றம், மூன்றாவது கதை சமவெளி. தொடர்களும் அப்படித்தான், அதே ஆட்கள், அதே இடம், அதனால் அதே சொற்கள்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, தெரியாத சொல்லுக்கு ஒரு விரல் மடக்குங்கள். ஒரு கை முடிவதற்குள் பக்கம் முடிந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையும் மடங்கிவிட்டால் இப்போதைக்கு வேண்டாம். தமிழ், துருக்கியம் போல ஒரே சொல்லில் நாலு ஒட்டு சேரும் மொழியாக இருந்தால் வேர் தெரிகிறதா என்று மட்டும் பார்த்தால் போதும்.

இனி படிக்கும் விதம். ஹங்கேரியைச் சேர்ந்த கத்தோ லோம்ப் பதினாறு மொழிகளில் வேலை செய்த மொழிபெயர்ப்பாளர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், ரஷ்ய மொழி படிப்பது சந்தேகத்துக்கு இடமான காரியமாக இருந்தபோது, தடித்த ஹங்கேரியக் கலைக்களஞ்சியம் ஒன்றின் பக்கங்களுக்கு நடுவே ரஷ்ய எழுத்தாளர் கோகோலின் நாவலை வைத்துத் தைத்து, குண்டுவீச்சுக்குப் பதுங்கியிருந்த நேரங்களில் படித்தார். அவர் சொன்ன ஒன்றை நான் விடாமல் பின்பற்றுகிறேன். கொலைகாரனைத் துப்பறிபவர் எந்தச் செடியின் மறைவிலிருந்து பார்த்தார் என்று தெரியாமல் போனால் நஷ்டமில்லை. அந்தச் செடியின் பெயரைத் தேடப் போய்க் கதையின் ருசி கெட்டுப்போனால்தான் நஷ்டம்.

அதனால் முதல் வாசிப்பில் அகராதியைத் தொடாதீர்கள். பென்சிலால் கோடு மட்டும் போட்டுக்கொண்டே போங்கள். அத்தியாயம் முடிந்ததும் கோடு போட்டவற்றைத் திரும்பிப் பாருங்கள். சில சொற்கள் அதற்குள் தாமாகவே புரிந்திருக்கும். மூன்று தடவைக்கு மேல் வந்தும் புரியாதவை, புரியாவிட்டால் கதையே நகராதவை, இந்த இரண்டு வகையை மட்டும் அகராதியில் பாருங்கள். மற்றதை விட்டுவிடலாம். முக்கியமான சொல்லாக இருந்தால் அது திரும்பி வரும்.

ஊகிப்பதில் ஓர் ஆபத்தும் உண்டு, அதுவும் தமிழருக்குப் பக்கத்து மொழிகளில்தான் அதிகம். 'அவசரம்' நமக்கு விரைவு. தெலுங்கில் அது தேவை. மலையாளத்தில் வாய்ப்பு. தெரிந்த சொல் என்று நினைத்துக் கடந்துவிடுவதால் அகராதி பார்க்கவே தோன்றாது. மலையாளத்தில் நான் வெகுநாள் திணறியது இன்னொரு இடத்தில். "அவன் வன்னு" என்று வாக்கியம் முடிந்துவிடும். 'அவன் வந்தான்' என்று பொருள். அங்கே வினைமுற்றில் ஆன், ஆள், ஏன் எதுவும் வராது. என் தமிழ்க் காதுக்கு அது 'அவன் வந்து...' என்று கேட்டது. வந்து என்ன செய்தான் என்று அடுத்த சொல்லுக்காகக் காத்திருப்பேன், அங்கே முற்றுப்புள்ளி இருக்கும். ஒவ்வொரு வாக்கியத்திலும் படி இல்லாத இடத்தில் கால் வைத்தது போல இருந்தது. இலக்கண நூலில் ஒரு பக்கம் படித்ததும் தெளிந்தது. 'கதை மட்டும் படி, இலக்கணம் வேண்டாம்' என்று சொல்கிறவர்களோடு நான் வேறுபடுவது இதனால்தான். கதையில் ஒரு கேள்வி எழுந்த பிறகு இலக்கணத்தைத் திறந்தால் அந்த ஒரு பக்கம் அப்படியே மனதில் நிற்கும்.

முடித்த கதையை மறுபடி படியுங்கள். இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. டிராய் நகரத்தைத் தோண்டியெடுத்த ஹைன்ரிக் ஷ்லீமன் பல மொழிகளை ஒரே முறையில் கற்றார்: ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, உரக்கப் படித்து, மனப்பாடமாகும் வரை திரும்பப் படிப்பது. ரஷ்ய மொழி கற்றபோது, தான் சொல்வதைக் கேட்க யாராவது இருந்தால் வேகமாக வரும் என்று, ரஷ்யம் ஒரு சொல்கூடத் தெரியாத ஓர் ஏழையை வாரக் கூலிக்கு அமர்த்தித் தினமும் மாலையில் அவரிடம் ஒப்பித்தார். நாம் மனப்பாடம் வரை போக வேண்டியதில்லை. ஒரு சிறுகதையை ஒரு வாரத்துக்குள் மூன்று தடவை படித்தால் போதும். முதல் தடவை கதை புரியும். இரண்டாம் தடவை வாக்கியங்கள் கண்ணில் படும். மூன்றாம் தடவை, 'இதை நான் வேறு மாதிரி சொல்லியிருப்பேனே, இவர்கள் இப்படிச் சொல்கிறார்களே' என்ற கவனம் வரும். மொழி உள்ளே போவது பெரும்பாலும் அந்த மூன்றாவதில்தான்.

ஒரு பக்கம் மூலம், எதிர்ப்பக்கம் மொழிபெயர்ப்பு என்று அச்சிட்ட இருமொழிப் பதிப்புகளும் உண்டு. கிரேக்க, லத்தீன் நூல்களை இப்படித்தான் லோப் வரிசை 1912 முதல் வெளியிட்டு வருகிறது. எனக்கு அவை ஓரளவுக்குத்தான் பயன்பட்டன. கண் தெரிந்த பக்கத்துக்கே ஓடும். எதிர்ப்பக்கத்தை ஒரு தாளால் மூடி, ஒரு பத்தி முடிந்த பிறகு மட்டும் திறந்து சரிபார்த்தால் நல்ல துணை. போனில் சொல்லைத் தொட்டதும் பொருள் வரும் வசதிக்கும் இதே கட்டுப்பாடுதான்.

ஒலியை விட்டுவிடாதீர்கள். வெறும் கண்ணால் படித்தால் நம் மனம் தானாக ஓர் உச்சரிப்பை உண்டாக்கி வைத்துக்கொள்ளும். பிறகு அதைக் களைவது பெரும்பாடு. ஒலிநூல் கிடைக்கும் கதையாகப் பார்த்து எடுங்கள். முதலில் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டே கேளுங்கள், அப்புறம் புத்தகத்தை மூடிவிட்டுக் கேளுங்கள். யாராவது பேசினால் பிடிபடவில்லை என்றீர்களே, அதற்கு இதைவிட நேரான மருந்து எனக்குத் தெரியாது. தெரிந்த கதையாக இருப்பதால் காது சொற்களைப் பிரித்தெடுக்க மட்டும் உழைத்தால் போதும். எழுத்துக்கும் பேச்சுக்கும் தூரம் அதிகமுள்ள மொழிகளில் இது இன்னும் அவசியம். தமிழைக் கற்க வருகிறவர் 'வந்துகொண்டிருக்கிறேன்' என்று படித்துவிட்டு வெளியே போனால் 'வந்துட்டிருக்கேன்' என்றுதான் கேட்பார். அவருக்கு உரையாடல் நிறைந்த கதைகளைத்தான் நான் முதலில் கொடுப்பேன்.

சரி, பேச்சு? மொழியியலாளர் ஸ்டீபன் கிராஷென் 1980களிலிருந்து சொல்லிவருவது, நம் நிலைக்கு ஒரு படி மேலே உள்ளதைத் தொடர்ந்து புரிந்துகொண்டே வந்தால் பேச்சும் தானாக வரும் என்று. பாதிக்கு மேல் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கனடாவில் பாடங்களையே பிரெஞ்சு வழியாகப் படித்த ஆங்கிலக் குழந்தைகளைக் கவனித்த மெரில் ஸ்வெய்ன், அவர்களுக்குக் கேட்பதும் படிப்பதும் மிக நன்றாக வந்தும், பல ஆண்டுகளுக்குப் பிறகும் பேசும்போது இலக்கணப் பிழைகள் நீடிப்பதைக் கண்டு 1985இல் எழுதினார். பேச்சு வேண்டுமானால் பேசித்தான் ஆக வேண்டும்.

அதற்கும் கதையே கைகொடுக்கும். படித்த கதையை மூடிவைத்துவிட்டு, யாரிடமாவதோ தனியாகவோ, அந்த மொழியில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள். ஐந்து வாக்கியம் போதும். மறுநாள் அதே கதையை அந்த ராஜாவே சொல்வதுபோல 'நான்' என்று மாற்றிச் சொல்லுங்கள். இன்னொரு நாள், நாளைக்கு நடக்கப் போவதுபோல. எங்கே சொல் வராமல் நிற்கிறீர்களோ அந்த இடத்தைப் புத்தகத்தில் தேடுங்கள். அந்த வாக்கியம் இனி மறக்காது. நான் இந்தியில் பேச ஆரம்பித்தது இப்படித்தான், ஒரு நண்பரிடம் வாரம் ஒரு கதை சொல்லி. சொந்தமாகப் பேச விஷயம் தேட வேண்டாம் என்பதே பாதிப் பயத்தைப் போக்கிவிட்டது.

சொல் அட்டைகள் வேண்டுமா என்றால், வைத்துக்கொள்ளலாம், ஆனால் தனிச் சொல்லை எழுதாமல் கதையில் வந்த வாக்கியத்தையே எழுதுங்கள். ஒரு நாளைக்கு ஐந்துக்கு மேல் வேண்டாம்.

எவ்வளவு நாள் ஆகும்? நிமிடத்துக்கு 100 சொல் என்ற நிதானமான வேகத்தில் தினமும் அரை மணி நேரம் படித்தால் 3,000 சொல். ஓர் ஆண்டில் ஏறக்குறைய 11 லட்சம். தொடக்கத்தில் அந்த வேகம் வராது, பாதிதான் வரும். அப்படியும் ஐந்து லட்சம் சொல்லைத் தாண்டுவீர்கள். அடிக்கடி வரும் ஒவ்வொரு சொல்லையும் நூற்றுக்கணக்கான இடங்களில் பார்த்திருப்பீர்கள். எந்தச் செயலியின் பயிற்சியிலும் இந்த அளவு மொழி கண்ணில் படாது. முதல் இரண்டு மாதம் எதுவும் நடக்காததுபோல இருக்கும். அந்தக் காலத்தில் முடித்த கதைகளின் பெயரை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். மனம் தளரும்போது, முதலில் படித்த கதையைத் திரும்ப எடுங்கள். அன்று ஒரு மணி நேரம் எடுத்த கதை பத்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

நீங்கள் மூடி வைத்த நாவலை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். இருபது சின்னக் கதைகள் முடிந்ததும் அதன் மூன்றாம் பக்கத்தைத் திறந்து விரல் மடக்கிப் பாருங்கள், எண்ணிக்கையைப் பக்கத்தின் ஓரத்தில் தேதியோடு குறித்து வையுங்கள். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை இதையே செய்யுங்கள். எண்ணிக்கை ஐந்துக்கு வரும் அன்று, முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்துவிடலாம்.